விடுதி அறையில் இரண்டு வருடம்: ஒரு ஒன்றரை லிட்டர் கெட்டில்

அனிமே தொடர்களில் தொடக்கப் பாட்டு பெரும்பாலும் ஒன்றரை நிமிடம் ஓடும். அதற்கு முன்னால் ஒரு குட்டிக் காட்சி வரும். அந்தக் காட்சி தொடங்கும்போது கெட்டில் சுவிட்சை அழுத்தினால், பாட்டு முடிந்து அத்தியாயத்தின் பெயர் திரையில் வரும் நேரத்தில் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். ஒரு கப் நூடுல்ஸுக்கும் ஒரு கோப்பைத் தேநீருக்கும் தண்ணீர் தயார். இரண்டு வருடமாக எங்கள் அறையில் சனிக்கிழமை இரவு இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

நானும் என் அறைத்தோழியும் பாதிப் பாதி காசு போட்டு வாங்கியது இது. ஒன்றரை லிட்டர், 1500 வாட், ஒற்றைச் சுவர் ஸ்டீல் உடம்பு, கருப்பு பிளாஸ்டிக் கைப்பிடி, எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் உட்காரும் வட்டமான அடித்தட்டு. கடைகளில் இருப்பதிலேயே எளிமையான வகை. இதே அமைப்பு பல பெயர்களில் வருகிறது என்பதால், நான் சொல்வது இந்த வகைக்கே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வேகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். அரை லிட்டர் கொதிக்க இரண்டே கால் நிமிடம், ஒரு லிட்டருக்கு நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். முழுக் கெட்டிலுக்கு ஆறு நிமிடம். இயற்பியல் கணக்குப்படி 25 டிகிரியில் இருக்கிற ஒரு லிட்டர் தண்ணீரை நூறு டிகிரிக்குக் கொண்டுபோக 1500 வாட்டுக்கு மூன்றரை நிமிடம் போதும். மிச்சம் ஸ்டீல் சூடாகவும், சுவர் வழியாக அறைக்குள் வெப்பம் போகவும் செலவாகிறது. இந்த விலைப் பிரிவில் இது நல்ல வேகம்தான். ஆனால் வாங்கும்போது வாட்டை மட்டும் பார்த்தோம், மூடியைப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்துச் சொல்கிறேன், இந்தப் பொருளின் உயிர் மூடியில் இருக்கிறது.

காரணம் இதுதான். கெட்டிலின் உள்ளே, மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, கைப்பிடிப் பக்கமாக ஒரு சின்ன ஓட்டை தெரியும். தண்ணீர் கொதிக்கும்போது ஆவி அந்த ஓட்டை வழியாக இறங்கி, சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தகட்டைத் தொடுகிறது. இரண்டு வேறு வேறு உலோகங்களைச் சேர்த்து ஒட்டிய தகடு அது. சூட்டில் ஒன்று கூடுதலாக விரியும், மற்றது குறைவாக விரியும். அதனால் தகடு சட்டென்று மறுபக்கம் வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடுகிறது. நாம் கேட்கிற ‘டக்’ அதுதான். மின்னணு சிப் எதுவும் இல்லை, வெறும் உலோகத்தின் குணம். கெட்டிலுக்கான இந்தக் கட்டுப்பாட்டுத் தகடுகளால் பெயர் பெற்ற ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர்தான், கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரிச் சுவரில் 2008-இல் திறந்துவைக்கப்பட்ட, வெட்டுக்கிளி போன்ற பூச்சி நேரத்தைத் தின்கிற அந்தப் பிரமாண்டக் கடிகாரத்தையும் உருவாக்கியவர். இணையத்தில் அந்தக் கடிகாரப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவரின் யோசனை என் மேசைமேல் தினமும் நாலு முறை ‘டக்’ என்கிறது என்று தெரிந்த அன்று, கெட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சரி, மூடி திறந்திருந்தால் என்ன ஆகும்? ஆவி மேலே போய்விடும், ஓட்டைக்குள் போகாது. தகடு சூடாகாது. கெட்டில் அணையாது. முதல் செமஸ்டரில் ஒருநாள் அறைத்தோழி தண்ணீர் வைத்துவிட்டு, மூடியைச் சாத்தாமல் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். நான் வகுப்பிலிருந்து வந்து கதவைத் திறந்தால் கண்ணாடி முழுக்க ஆவி, ஜன்னலில் நீர் வழிகிறது, கெட்டிலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நல்லவேளை, அடியில் இரண்டாவதாக ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கிறது. தண்ணீர் வற்றி அடிப்பக்கம் அளவுக்கு மீறிச் சூடானால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அப்படித்தான் துண்டித்திருந்தது. அரை மணி நேரம் ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றிப் போட்டோம், பழையபடி வேலை செய்தது. அடியில் வானவில் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் மிச்சம். இந்தப் பாதுகாப்பு இல்லாத கெட்டிலை யாராவது சும்மா கொடுத்தால்கூட வாங்காதீர்கள். பெட்டியில் எழுதியிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்த விபத்துக்குக் கொரியத் தொடர்கள்தான் காரணம். அவற்றைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் நூடுல்ஸ் கொதிக்கும், தட்டில் போடாமல் பாத்திரத்தின் மூடியையே தட்டாகப் பிடித்து ஊதி ஊதிச் சாப்பிடுவார்கள். இரவு பதினொரு மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டு யாராலும் சும்மா உட்கார முடியாது. பக்கத்து அறையிலிருந்து வந்திருந்த ஒருத்தி, “கெட்டிலுக்குள்ளேயே போட்டுடலாம்டி, கப்பு எதுக்கு” என்றாள். போட்டோம். மசாலாப் பொடியும் சேர்த்தே போட்டோம்.

நூடுல்ஸின் மாவுச்சத்து தண்ணீரில் கலந்தால் நுரை கட்டும். வாய் அகலமான பாத்திரத்தில் அந்த நுரைக்கு இடம் இருக்கிறது, அடுப்பைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கெட்டிலில் இரண்டுமே இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் மூக்கு வழியாகச் சிவப்பு நுரை பொங்கி அடித்தட்டில் வழிந்தது. முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். அடித்தட்டின் நடுவில் மின்சாரம் போகிற முனைகள் இருக்கின்றன, அங்கே ஈரம் போவது விளையாட்டில்லை. இரண்டு நாள் கவிழ்த்துக் காயவைத்த பிறகுதான் மறுபடி போட்டோம். ஆவி ஓட்டையில் ஒட்டியிருந்த மசாலாவைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் எடுத்தேன். அப்புறமும் ஒரு வாரம் தேநீரில் மிளகாய் வாசனை வந்தது.

அதனால் என் கருத்து இதில் உறுதியானது. கெட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கிற பொருள். பால் கூடாது, அடிப்பிடித்துக் கருகும், பொங்கும். சூப் கூடாது. நூடுல்ஸ் கூடவே கூடாது. முட்டை வேகவைக்கலாம் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். நானும் செய்து பார்த்தேன். ஓடு விரிசல் விட்டு வெள்ளைக்கரு வெளியே வந்தது, கழுவுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. கை உள்ளே போகாத பாத்திரத்தில் எதையும் சமைக்கக் கூடாது.

கப் நூடுல்ஸ் என்றால் கதை வேறு. அது இந்தக் கெட்டிலுக்காகவே பிறந்த மாதிரி இருக்கும். ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ உடனடி நூடுல்ஸைக் கொண்டுவந்தது 1958-இல், கப்பில் வைத்து விற்கத் தொடங்கியது 1971-இல். எண்ணெயில் பொரிக்கும்போது நூலிழைகளுக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகிப் போய், அந்த இடத்தில் நுண்ணிய துளைகள் விழுகின்றன. வெந்நீர் அந்தத் துளைகளில் ஏறுவதால்தான் மூன்றே நிமிடத்தில் மென்மையாகிறது. அவருடைய கப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. நூடுல்ஸ் கட்டி அடியில் உட்காராது. கப்பின் அடிப்பகுதியைவிடக் கட்டி அகலமாக இருப்பதால் நடுவில் சிக்கி நிற்கும். கீழே இறங்கிய வெந்நீர் அடியிலிருந்தும் வேகவைக்கும். 2005-இல் விண்வெளிக்குப் போன நூடுல்ஸைக்கூட எழுபது டிகிரி வெந்நீரில் தயாராகிற மாதிரிதான் செய்தார்கள். எங்கள் கெட்டில் தருவது முழுக் கொதிநிலை என்பதால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு நொடிகூட வேண்டியதில்லை. கப்பின் மேல்தாளை மூடி, கனமான பாடப்புத்தகத்தை எடுத்து மேலே வைத்துவிடுவோம்.

எனக்கு இதில் மிகப் பிடித்த நேரம் தேர்வுக்கால இரவு. பிறந்தநாளுக்கு அறைத்தோழி ஒரு மாயக் கோப்பை கொடுத்தாள். குளிர்ந்திருக்கும்போது முழுக் கருப்பு. வெந்நீர் ஊற்றினால் சாயத்தின் நிறம் போய், உள்ளே அச்சிட்ட படம் தெரியும். நாங்கள் முதல் வருடம் சேர்ந்து பார்த்த தொடரின் நாயகன். தண்ணீர் ஏற ஏற முதலில் அவனுடைய காலணி தெரியும், பிறகு நீண்ட அங்கி, பிறகு கை, கடைசியில் முகம். குடிக்கக் குடிக்க மேல்பகுதி முதலில் ஆறும், அதனால் முகம்தான் முதலில் மறையும். நள்ளிரவு இரண்டு மணிக்குப் புள்ளியியல் கணக்கில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும்போது அவனுடைய காலணி மட்டும் மிச்சமிருக்கும். எழுந்து கெட்டிலைப் போடுவேன். அந்த இரவுகளில் உணவகம் மூடியிருக்கும், வெளியே போக முடியாது, எல்லோரும் தூங்கியிருப்பார்கள். கையெட்டும் தூரத்தில் சூடாக ஏதோ கிடைக்கிறது என்பது எத்தனை பெரிய ஆறுதல் என்று வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மாதவிடாய் வலிக்கு வெந்நீர்ப் பை நிரப்பவும் இதே கெட்டில்தான். அந்த ஒரு உதவிக்காகவே கொடுத்த காசு சரி என்பேன். (கொதித்ததும் அப்படியே பையில் ஊற்றாதீர்கள், ஐந்து நிமிடமாவது ஆறட்டும்.)

பச்சைத் தேயிலை குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் வெப்பநிலையைத் தேர்வு செய்யும் வசதி இல்லை. கொதிநீரை நேராக ஊற்றினால் பச்சைத் தேயிலை கசக்கும், எண்பது டிகிரி அளவு போதும். அணைந்த பிறகு மூடியைத் திறந்து சில நிமிடம் விட்டுவிட்டு ஊற்றுகிறேன். அதற்காக வெப்பநிலை காட்டுகிற விலை உயர்ந்த மாடலுக்குப் போக வேண்டிய அவசியம் ஒரு மாணவிக்கு இல்லை.

இனி குறைகள். உள்ளே அளவுக்கோடு இருக்கிறது, ஆனால் ஸ்டீல்மேல் ஸ்டீல் நிறத்திலேயே பொறித்திருப்பதால் இரவு விளக்கில் தெரியவே தெரியாது. வெளியே ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டை வைத்திருக்கலாம். வயர் குட்டை, முக்கால் மீட்டர்கூட வராது. வயர் குட்டையாக இருந்தால் யாரும் தட்டிவிட மாட்டார்கள் என்ற நியாயம் புரிகிறது, ஆனால் விடுதி அறைகளில் பிளக் மேசைக்குப் பின்னால் இருக்கிறதே. அதற்காக லேப்டாப்பும் இஸ்திரிப் பெட்டியும் மாட்டியிருக்கிற எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இதையும் செருக வேண்டாம். 1500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். நாங்கள் மேசையையே நகர்த்திப் போட்டுவிட்டோம். விடுதியில் கெட்டிலுக்கு அனுமதி உண்டா என்பதையும் வாங்குவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

ஒற்றைச் சுவர் என்பதால் உடம்பு கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். என் முழங்கையில் ஒரு கோடு இன்னும் இருக்கிறது. அடுத்த முறை வாங்கினால் இரட்டைச் சுவர்தான், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும்.

பெரிய குறை மூடியின் ஸ்பிரிங். ஐந்தாவது மாதத்தில் தளர்ந்துவிட்டது. சாத்தினால் முழுதாகப் பொருந்தாமல் மெல்லிய இடைவெளி விடும், ஆவி அதன் வழியாகப் போகும், அணைய நேரம் ஆகும். உத்தரவாதக் காலம் இருந்ததால் சேவை மையத்துக்குக் கொண்டுபோனேன். மூன்று முறை அலைய வேண்டியிருந்தது, ஆனால் கடைசியில் மூடியை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது மூடி இன்றுவரை நன்றாக இருக்கிறது. கடையில் வாங்குவதாக இருந்தால் மூடியைப் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அழுத்தமாகப் பொருந்துகிறதா என்று காதால் கேளுங்கள்.

அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கு கெட்டிலின் குற்றம் இல்லை, தண்ணீரின் குணம். கடினநீரில் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டால் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து ஒட்டிக்கொள்கிறது. சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். விட்டுவிட்டால் அது போர்வை மாதிரி அடியை மூடி, கொதிக்க எடுக்கும் நேரத்தைக் கூட்டும். ஸ்டீல் நாரால் சுரண்ட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை அரைக் கெட்டில் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுக் கொதிக்கவைத்து, கால் மணி நேரம் விட்டுக் கொட்டுகிறேன். எலுமிச்சைச் சாறோ வினிகரோ இருந்தாலும் சரிதான். குமிழி குமிழியாக வந்து பொருக்கு முழுக்கக் கரைந்துவிடும். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டினால் புளிப்பு போய்விடும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று முதல் மூடிக்காக.

இந்தக் கோடையில் எங்கள் படிப்பு முடிகிறது. கெட்டில் யாருக்கு என்று நானும் அவளும் பேசிப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் கேட்க மனம் வரவில்லை, விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் அறையிலேயே வைத்துவிட்டுப் போவதாக முடிவு செய்தோம், அடுத்து வருகிற ஜூனியர்கள் எடுத்துக்கொள்ளட்டும். போன வாரம் சிட்ரிக் அமிலம் போட்டுப் பளபளப்பாகக் கழுவி, கைப்பிடியில் ஒரு சீட்டு ஒட்டினோம். அவள் கையெழுத்தில் முதல் வரி: “மூடியைச் சாத்தவும்.” என் கையெழுத்தில் இரண்டாவது வரி: “தண்ணீர் மட்டும்.”