மலமிளக்கி குடலோடு நிற்க வேண்டுமா, ரத்தத்தில் கலக்க வேண்டுமா?

மார்ஃபின் வகை வலிமருந்தைத் தொடர்ந்து எடுக்கும் குழந்தைக்கு மலச்சிக்கல் வர வாய்ப்பு மிக அதிகம். இவ்வகை மருந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களான மியூ ஏற்பிகள் குடலிலும் உண்டு; அங்கேயும் மருந்து போய் ஒட்டிக்கொள்ளும். குடல் அசைவு மந்தமாகும், நீர் சுரப்பு குறையும், ஆசனவாய்த் தசை இறுகும். தூக்கக் கலக்கமும் குமட்டலும் சில நாளில் உடலுக்குப் பழகிவிடும். இது மட்டும் பழகாது. அதனால்தான் வலிமருந்து தொடங்கும்போதே மலமிளக்கியையும் சேர்த்துத் தொடங்குவார்கள்.

சரி, எந்த மலமிளக்கி? குழந்தை விஷயத்தில் வேகத்தைவிட, மருந்து உடலுக்குள் எதுவரை போகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள் கிட்டத்தட்ட குடலோடு நின்றுவிடும். நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்கும், அவ்வளவுதான். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வேலையே இல்லை. ஆனால் நிறைய நீரில் கலந்து குடிக்க வேண்டும். குமட்டலில் இருக்கும் பிள்ளையைக் குடிக்க வைப்பது தனிப் போராட்டம். லாக்டுலோஸும் ரத்தத்தில் சேராது. ஆனால் குடல் பாக்டீரியா அதை நொதிக்க வைப்பதால் வயிறு உப்பும். ஏற்கெனவே உப்பிய வயிற்றுக்கு அது எனக்குப் பிடித்தமில்லை.

இவை மலத்தை இளக்கும், குடலைத் தள்ளாது. தள்ளுவது சென்னா (நிலாவரை). அதைப் பிரித்து வேலை செய்யும் பொருளாக மாற்றுவதும் குடல் பாக்டீரியாதான். ஆன்டிபயாடிக் எடுக்கும் குழந்தையிடம் இதை மறக்கக் கூடாது. தூளும் சென்னாவும் சேர்ந்த ஜோடிக்கே என் ஓட்டு.

அது போதாவிட்டால், குடலில் மட்டும் வலிமருந்தின் பிடியிலிருந்து ஏற்பியை விடுவிக்கும் மருந்துகள் இருக்கின்றன. மெத்தில்நால்ட்ரெக்சோன் ஊசி அமெரிக்காவில் 2008இலும், நாலாக்செகால் மாத்திரை 2014இலும் பெரியவர்களுக்காக அனுமதி பெற்றவை. குழந்தைக்குக் கொடுப்பது நிபுணரின் பொறுப்பில் மட்டுமே. இங்கேதான் குழந்தையின் உடல் கணக்கு குறுக்கே வருகிறது.

மெத்தில்நால்ட்ரெக்சோனில் கணிசமான பகுதி உருமாறாமல் சிறுநீரில் வெளியேறும். பிறந்த குழந்தையின் சிறுநீரக வடிகட்டும் திறன் மிகக் குறைவு. உடல் அளவோடு ஒப்பிட்டால், ஒன்று, இரண்டு வயதுக்குள்தான் பெரியவர்கள் அளவை எட்டும். நாலாக்செகாலைச் சிதைப்பது சிஒய்பி3ஏ4 என்ற கல்லீரல் நொதி. அதுவும் பிறக்கும்போது சொற்பமே. ஆனால் முதிர்ந்த பிறகு கதை தலைகீழ். 12 கிலோ குழந்தை, 70 கிலோ பெரியவரின் எடையில் 17 சதவீதம்தான். மருந்தை வெளியேற்றும் திறனோ, வழக்கமான முக்கால் அடுக்குக் கணக்குப்படி (எடை விகிதத்தை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்துவது) சுமார் 27 சதவீதம். வெறும் எடையைப் பார்த்து அளவைக் குறைத்தால் மருந்து போதாமல் போகலாம். கைக்குழந்தையிடமோ அதே கணக்கு மிஞ்சிவிடும்.

இந்த இரண்டில் எனக்கு ஊசியே மேல். அது மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு என்பதால் மூளைக்குள் எளிதில் நுழையாது, வலிநிவாரணம் கெடாது. மாத்திரையை மூளைக்கு வெளியே நிறுத்துவதில் ஒரு புரதப் பம்புக்கும் பங்குண்டு. பச்சிளங்குழந்தையிடம் அந்தப் பம்பு முழுதாக வளர்ந்திருக்காது. போதாக்குறைக்கு, புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள பிள்ளைகளுக்கு அடிக்கடி கொடுக்கப்படும் அசோல் வகைப் பூஞ்சை மருந்துகள் அதே கல்லீரல் நொதியை முடக்கி, மாத்திரையின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

குடலில் அடைப்பு இருந்தால் ஊசி, மாத்திரை இரண்டுமே கூடாது. குடல் ஓட்டையாகும் ஆபத்து உண்டு.