திருவிழா நாடகத்துக்கு முன்பணம் கொடுக்கப் போகிறீர்களா? 35,000 ரூபாய் பறிகொடுத்த ஊரிலிருந்து எழுதுகிறேன்

செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் ஊர் அம்மன் கோயில் திடலில் வள்ளி திருமணம் நாடகம் நடந்திருக்க வேண்டும். மேடை இருந்தது, விளக்கு இருந்தது, ரேடியோ செட் இருந்தது, பாய் விரித்து உட்கார்ந்த ஜனம் இருந்தது. நாடகக்காரர்கள் வரவில்லை. வரப்போவதில்லை என்பது முன்பணம் வாங்கியவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். 35,000 ரூபாய். அத்தனையும் ஊர்ப் பணம். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வைகாசியே இன்னும் முடியவில்லை. ஆனியும் ஆடியும் பாக்கி இருக்கின்றன. இதே ஆள் இன்னும் எத்தனை ஊருக்குத் தேதி கொடுத்து வைத்திருக்கிறானோ தெரியாது. நாடகம் பேசும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் விளக்கு எரிவதே கோடைத் திருவிழாக் காலத்தில்தான். காரைக்குடியில் கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா, நாட்டரசன்கோட்டையில் கண்ணாத்தாள் கோயில் வைகாசித் திருவிழா, கண்டதேவியில் ஆனித் தேர் என்று பெரிய கோயில்களின் விழாக்கள் ஒருபக்கம். எங்களைப் போன்ற சின்ன ஊர்களின் அம்மன், அய்யனார் கோயில்கள் மறுபக்கம். செவ்வாய்க்கிழமை மாலை பொங்கல் வைப்போம், புதன்கிழமை பால்குடம், முளைப்பாரி. இடைப்பட்ட அந்த இரவுக்கு நாடகம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் சாமி கும்பிட வருகிறோம் என்றுதான் சொல்வார்கள். பாதிப்பேர் நாடகம் பார்க்க வருகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். டிக்கெட் கிடையாது, நாற்காலிக்கு வரிசை எண் கிடையாது. சாயங்காலமே ஒரு பாயோ சாக்கோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் இடம் உங்களுடையது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழியில் வந்த இந்த நாடகங்களை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். நிரந்தரக் குழு என்று ஒன்று இல்லை. ராஜபார்ட் (நாயகன் வேடக்காரர்) ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (நாயகி வேடம்) வேறோர் ஊர், பபூன் (கோமாளி) இன்னோர் ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பலவகைத் தாளக்கருவிகள்) என்று பக்கவாத்தியக்காரர்களும் தனித்தனியாகத்தான் வருவார்கள். ஒத்திகையே கிடையாது. மேடைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு விடிய விடிய வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்வதைப் பார்த்தால் பத்து வருடம் பழகியவர்களைப் போலத் தெரியும். இப்படி ஒவ்வொருவரின் தேதியையும் தனித்தனியாக வாங்க வேண்டியிருப்பதால் ஊருக்கும் நடிகர்களுக்கும் நடுவில் அமைப்பாளர் என்று ஒருவர் தேவைப்படுகிறார். எங்களை ஏமாற்றியவன் வந்து உட்கார்ந்துகொண்டது அந்த நடு இடத்தில்தான்.

எங்களுக்கு வழக்கமாகப் பேசித் தந்த அமைப்பாளர் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். அதனால் இந்த முறை, விழாக்களுக்குக் கலைக்குழுக்கள் பிடித்துத் தரும் ஓர் ஆன்லைன் தளத்தில் தேடினோம். தளத்தின் பெயரை எழுதவில்லை. கரகம், தப்பாட்டம், பொய்க்கால் குதிரை, இன்னிசைக் கச்சேரி, நாடகம் என்று வகைவகையாகப் பிரித்துப் படத்தோடு போட்டிருந்தார்கள். நாடகம் என்ற பகுதியில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்ற பச்சைக்குறியோடு முதலில் நின்றவன்தான் இவன். அவனுடைய எண்ணும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. மலிவுக்கு ஆசைப்பட்டார்கள் என்று யாரும் வாய்திறக்க வேண்டாம். அவன் கேட்டது மொத்தம் 80,000 ரூபாய். முந்தைய ஆண்டு நாங்கள் கொடுத்ததைவிட அதிகம்.

அவன் பேசிய பேச்சைச் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பிலேயே, “அண்ணே, மேடை அம்மனைப் பார்த்துத்தானே போடுவீர்கள்?” என்று கேட்டான். நாடகத்தை முதலில் பார்ப்பது அம்மன் என்பது இந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்தவனுக்குத்தான் வாயில் வரும். பபூனுக்கு இவரைப் போடலாமா, அவர் உங்கள் பெண்களுக்கு முன்னால் பேச்சில் கொஞ்சம் அத்துமீறுவாரே என்று எங்களுக்காகக் கவலைப்பட்டான். ராஜபார்ட்டாக அவன் சொன்ன பெயரைக் கேட்டதும் கமிட்டியில் இருந்த பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். படமும் அனுப்பினான். அந்தப் படத்தை வைத்துத்தான் நோட்டீஸ் அடித்தோம், சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாம் ஒட்டினோம்.

முன்பணம் கொடுத்த அன்று நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கோயில் மண்டபத்தில் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தோம். செல்போனில் பணம் அனுப்பப் போன நேரத்தில் அவன் சொன்னான்: “அண்ணே, முறை என்று ஒன்று இருக்கிறது. ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் போனை வைத்து அனுப்புங்கள். அம்மன் காரியம். நான் இங்கே தட்டில் வைத்துத்தான் வாங்கிக்கொள்வேன்.” பூசாரி பித்தளைத் தட்டைக் கொண்டுவந்தார். வெற்றிலை, கொட்டைப் பாக்கு, மஞ்சள், ஒரு எலுமிச்சம்பழம், நடுவில் செல்போன். திரைமேல் குங்குமம் ஒட்டியதைத் துடைத்துவிட்டு எண்களை அழுத்தினேன். 35,000 ரூபாய் போனது. மறுநிமிடமே அவன் பக்கத்திலிருந்து வெற்றிலைத் தட்டின் படம் ஒன்று வந்தது. “இதில் வஞ்சகம் செய்தால் என் குடும்பம் விளங்குமா அண்ணே?” என்றான். பணம் போய்ச் சேர்ந்த கணக்கு ஏதோ ஒரு டிரேடர்ஸ் பெயரில் இருந்தது. கேட்டதற்கு ஆடிட்டர் சொன்ன ஏற்பாடு என்றான்.

செவ்வாய்க்கிழமை மாலை 7 மணிக்குப் பேசியபோது, “வேன் காரைக்குடியைத் தாண்டிவிட்டது அண்ணே, சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுங்கள்” என்றான். சமையல்காரர் இலையை எடுத்து வைத்துவிட்டார். 9 மணிக்குக் கேட்டால் திருமயத்தில் டயர் பஞ்சர் என்கிறான். பக்கத்தில் நின்ற எங்கள் சித்தப்பா போனைப் பிடுங்கி, “காரைக்குடியைத் தாண்டிய வண்டி எதற்கடா திருமயத்துக்குத் திரும்பிப் போனது?” என்று கேட்டார். லைன் துண்டிக்கப்பட்டது. 10 மணிக்கு மேல் போன் அணைந்தேவிட்டது.

ஆர்மோனியத்துக்காக மேடை ஓரத்தில் ஒரு மேசை போட்டு, மைக்கைத் தாழ்த்திக் கட்டி வைத்திருந்தோம். அதன் முன்னால் ஒரு பொடியன் உட்கார்ந்து ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வெகுநேரம் அவனை யாரும் எழுப்பவில்லை. எட்டு மணியிலிருந்து முன்வரிசையில் காத்திருந்த அப்பத்தா ஒருவர், “பபூனாவது வருவானா அப்பா?” என்று என்னைக் கேட்டார். பெண்கள் கொஞ்ச நேரம் கும்மி அடித்தார்கள், ரேடியோ செட்காரர் அம்மன் பாட்டுப் போட்டார், ஜனம் கலைந்தது. பக்கத்து ஊரிலிருந்து டிராக்டரில் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். மேடை, ஜெனரேட்டர், நோட்டீஸ் செலவெல்லாம் தனிக் கணக்கு. அதை இந்த 35,000 ரூபாயில் நான் சேர்க்கவில்லை.

விடிந்ததும் அந்தத் தளத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி: ‘உங்கள் விழா சிறப்பாக நடந்ததா? எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் வழங்குங்கள்.’

உடனே அவர்களுடைய வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். முதலில் எடுத்த பெண், புகாரைப் பதிவு செய்துகொண்டதாகவும் 48 மணி நேரம் பொறுத்திருக்குமாறும் சொன்னார். அடுத்துப் பேசியவர், பணம் தளத்தின் வழியாக வராமல் நேரடியாகப் போயிருப்பதால் தாங்கள் பொறுப்பில்லை என்றார். அந்த எண்ணைப் பச்சைக்குறி போட்டு விளம்பரம் செய்தது யார் என்றால், “நாங்கள் அறிமுகம் மட்டுமே செய்துவைக்கிறோம் சார்” என்று பதில் வருகிறது. மூன்றாவதாக ஒரு மகான் வந்தார். நிகழ்ச்சியை ரத்து செய்வதென்றால் விழாத் தேதிக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும், இப்போது தேதி கடந்துவிட்டதால் நிகழ்ச்சி முடிந்ததாகவே கணக்கு என்றார். ஆளே வராத நாடகம் அவர்கள் ஏட்டில் நடந்து முடிந்துவிட்டது! அதற்குப் பிறகு கூப்பிட்டால் இசைதான் கேட்கிறது. வங்கியில் கேட்டால், நீங்களாக விரும்பி அனுப்பிய பணம் என்கிறார்கள். காவல் நிலையத்தில் மனு வாங்கிக்கொண்டு சைபர் கிரைமுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். 35,000 ரூபாய் திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை புதுக்கோட்டையில் உள்ள நாடக நடிகர் சங்கத்தில் விசாரித்து, எங்கள் நோட்டீசில் படம் போட்ட அந்த ராஜபார்ட்டிடமே பேசினேன். செவ்வாய்க்கிழமை இரவு அவர் வேறோர் ஊரில் வேலன் வேடத்தில் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பெயரையே அப்போதுதான் கேள்விப்படுகிறார். அவருடைய பழைய நோட்டீஸ் ஒன்றிலிருந்து படத்தை வெட்டி எடுத்திருக்கிறான். “இந்தத் தேதியை ஆறு மாதத்துக்கு முன்பே கொடுத்துவிட்டேன் ஐயா. வைகாசிச் செவ்வாய்க்கு இப்போது வந்து கேட்டால் எந்த ராஜபார்ட் இருப்பார்?” என்றார். எங்களைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம். ஒப்புக்கொண்ட நாடகத்துக்கு வராதவர் என்று ஒரு வட்டாரம் முழுக்க அவர் பெயர் கெட்டிருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். திருவிழாவுக்கு வரி கொடுத்த தலைக்கட்டுக்காரர்கள் (குடும்பத் தலைவர்கள்) வாசலில் வந்து நிற்கிறார்கள், கூட்டத்துக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இரண்டு பேரிடமாவது நீங்களே நேரில் பேசித் தேதியை உறுதி செய்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நோட்டீஸும் அடிக்காதீர்கள். பேசுகிறவன் பெயரில் இல்லாத கணக்குக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். பச்சைக்குறியை நம்ப வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தளத்துக்காரர்களோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காமல் முதலில் சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க வழியுண்டு.

போனில் உங்களை அண்ணே என்று அழைத்து, மேடை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டு, வெற்றிலைத் தட்டில் போனை வைக்கச் சொன்னால், அவன் இவன்தான். பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்துக்கொண்டு எங்கள் கமிட்டிக்குத் தகவல் சொல்லுங்கள்.