அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவு: மச்சினன் பிழைத்த கதை

போன மாதம் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் மச்சினன் ஓட்டிப்போன பைக்கை லாரி தட்டிவிட்டது. வெளியே பார்த்தால் முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். பேசிக்கொண்டும் இருந்தான். ஆனால் 108-ல் வந்த தம்பி அவன் கையைத் தொட்டதுமே பதறிவிட்டார். கை சில்லிட்டுக் கிடந்தது, நெற்றியெல்லாம் வியர்வை, நாடி 130, பிரஷர் 80. "உள்ளே ரத்தம் போகுதுண்ணே, தண்ணி கேட்டா குடுத்துடாதீங்க" என்றார். அவன் வழியெல்லாம் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தான், மனதைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டியில் இருந்தே போன் போட்டுச் சொல்லிவிட்டதால் வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஆள் நின்றது. வருகிறவர்களை ஆபத்தின் அளவைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள், சிவப்புதான் உயிருக்கு ஆபத்தானவர்களுக்கு. இவனை நேராகச் சிவப்புக்குக் கொண்டுபோனார்கள். சட்டையைக் கத்தரித்து, இரண்டு கையிலும் தடித்த ஊசி போட்டு, கம்பளியால் போர்த்தி, வயிற்றில் ஸ்கேன் வைத்தால் மண்ணீரலைச் சுற்றி ரத்தம். ரத்தம் உறைய உதவும் டிரானெக்சாமிக் ஆசிட்டை உடனே ஏற்றினார்கள், அடிபட்டு 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் அதற்குப் பலனாம். இன்னொரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றக் கூடாதா என்று கேட்டேன். வெறும் நீரை நிறைய ஏற்றினால் இருக்கிற ரத்தமும் நீர்த்துப்போய் உறையாது, உடம்பும் குளிர்ந்துவிடும், இவனுக்கு வேண்டியது ரத்தம்தான் என்று அந்த அவசரத்திலும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். குரூப் பார்த்து வரும்வரைகூடக் காத்திருக்காமல் ஓ குரூப் ரத்தம் ஏற்றி, அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மண்ணீரலை எடுத்தாயிற்று, ஆள் பிழைத்தான்.

பணம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. 2021 டிசம்பரில் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. மூன்று மணி நேரம் அக்காவும் நானும் வராந்தாவில் நின்றோம், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அதைவிடப் பெரிய குறை, மண்ணீரல் போனவர்களுக்கு நிமோனியா, மூளைக்காய்ச்சல் வராமல் இருக்கத் தடுப்பூசி போட வேண்டும், டிஸ்சார்ஜ் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தையல் பிரிக்கப் போன கிளினிக்கில் கேட்டதால் தெரிந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது மண்ணீரலை எடுத்திருந்தால் நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள், இவனுக்கு நேற்றுதான் முதல் ஊசி போட்டோம்.