பேஜ்மேக்கரா, இன்டிசைனா: புத்தகம் தொடங்கும் முன் ஒரு முடிவு

நானூறு பக்கத் தன்வரலாறு ஒன்று லேஅவுட்டுக்கு வந்தது. எனக்குக் கைப்பழக்கம் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். அதே வேலைக்கான புதிய மென்பொருளான இன்டிசைனுக்கு மாறலாமா என்று வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் புத்தகத்தில் கை வைக்கும் முன்பே மாறிவிட்டேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பேஜ்மேக்கரின் பக்க நியாயம்: பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும், சந்தா கட்ட வேண்டாம், கை தானாகப் போகும். அழைப்பிதழ், விழா மலர் என்று ஒருமுறை அச்சடித்து மறந்துவிடுகிற வேலைக்கு இன்றைக்கும் அதுவே போதும். 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அது நின்றுபோனது எல்லாருக்கும் தெரிந்த கதை.

என்னை மாற வைத்தது மறுபதிப்புதான். போனிலும் இணையத்திலும் நாம் தட்டுகிற எழுத்துமுறையான யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது. ஆசிரியர் போனில் தட்டி அனுப்புவதைப் பாமினி, வானவில் போன்ற பழைய ஃபாண்டுகளின் எழுத்துமுறைக்கு மாற்றித்தான் உள்ளே கொட்ட வேண்டும். அப்புறம் மூன்று மெய்ப்புத் திருத்தமும் அங்கேயே நடக்கும். கடைசியில் திருத்திய பிரதி என்று இருப்பது அந்த பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றுதான். இரண்டு வருடம் கழித்து மின்னூல் கேட்டால் எல்லாவற்றையும் திரும்ப யூனிகோடாக்க வேண்டும்.

அப்படி ஒரு கிராமத்துக் கதைத் தொகுப்பில் மாட்டிக்கொண்டேன். பழைய ஃபாண்டில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்தையே அடித்துவிடுவோம். தாளில் வித்தியாசம் தெரியாது. மாற்றியபோது வௌவால் எல்லாம் ‘வெளவால்’ ஆகிவிட்டது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், தேடினால் சிக்காது. கெட்டிக்காரத்தனமாக ‘வெள’ வருகிற இடமெல்லாம் ‘வௌ’ என்று மொத்தமாக மாற்றினேன். வௌவால் சரியாயிற்று, வெள்ளம், வெளிச்சம், வெள்ளரிக்காய் அத்தனையும் சிதைந்தன. நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அதற்கு யாரும் காசு தரவில்லை, கேட்கவும் முடியவில்லை.

இன்டிசைனில் ஆசிரியர் அனுப்பிய யூனிகோடு அப்படியே உள்ளே போகிறது, திருத்திய பிறகு அப்படியே வெளியே வருகிறது. இடையில் எழுத்து மாற்றும் வேலையே இல்லை. மற்ற வசதிகள் எதுவும் இல்லாவிட்டாலும் இதற்காகவே மாறியிருப்பேன்.

ஆனால் முதல் அரை நாள் வீண். இந்திய மொழிகளுக்கு ‘வேர்ல்டு-ரெடி காம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பத்தி ஸ்டைலில் ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு தொந்தரவு இல்லை. பழகிய பழைய ஃபாண்டுகளை விட்டுவிட வேண்டியதுதான். அது கொஞ்சம் வலிக்கும். சந்தாவும் வலிக்கிறது, மாதாமாதம்.

சந்தா வேண்டாம் என்றால் ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2024இல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காகவே வருகிறது. ஆனால் நான் அதில் செய்தது எட்டுப் பக்கத் துண்டறிக்கை ஒன்றுதான். அதை வைத்து நானூறு பக்கத்துக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பாதியில் நிற்கிற புத்தகத்தை மட்டும் மாற்றாதீர்கள். என்னிடம் இன்னொன்று இரண்டாம் மெய்ப்பில் இருந்தது. அதை பேஜ்மேக்கரிலேயே முடித்துக் கொடுத்தேன். இன்டிசைனின் பழைய பதிப்பான சிஎஸ்6 பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், சரி. உள்ளே எழுத்து அதே பாமினிதான். அதனால் பழைய கணினியை இன்னும் எடைக்குப் போடவில்லை.