கடைக்காரர் போட்டுக் காட்டும் டெமோவை நம்பி மைக் வாங்காதீர்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பாட்காஸ்ட், யூடியூப் ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். "போன்லயே சொருகிப் பேசலாம், ஸ்டுடியோ குவாலிட்டி" என்று ஒரு கண்டன்சர் மைக் செட்டை விற்கிறார்கள். பெரிய வலைத் தலையோடு கறுப்பு மைக், மேஜையில் மாட்டும் ஸ்பிரிங் ஸ்டாண்ட், பஞ்சு உறை, ஒரு ஒயர். பி.எம்.800 என்ற எண்ணோடு பல பெயர்களில் வரும் வகை. நாகர்கோவில் கடை ஒன்றில் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை.

எனக்கு வேண்டியதைத் தெளிவாகவே சொன்னேன். ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும், போன் மட்டும்தான் இருக்கிறது, வேறு கருவி எதுவும் கிடையாது. "அதுக்குன்னே வந்ததுதான் தம்பி இது" என்றார் கடைக்காரர். தன் போனில் மைக்கைச் சொருகி, நாலு வார்த்தை பேசி, போட்டுக் காட்டினார். கணீரென்று கேட்டது.

முதல் பதிவுக்குக் குளச்சலில் ஒரு தாத்தா வீட்டுக்குப் போனேன். 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். அந்த நாளைப் பற்றியும், அப்படிச் சேர்வதற்காக அதற்கு முன் நடந்த போராட்டக் காலத்தில் வீட்டுப் பெரியவர்கள் பயந்து பேசிக்கொண்டதைப் பற்றியும் மனசு திறந்து சொன்னார். மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில், போன் ஒயர் எட்டுகிற தூரத்தில் ஜன்னல் ஓரம். வீட்டில் வந்து கேட்டால் அவர் குரல் எங்கோ தள்ளிக் கேட்கிறது. ஜன்னலுக்கு வெளியே மேய்ந்த கோழியின் சத்தம் அதைவிடத் தெளிவாக இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டால் அவர் சொல்லுவார்தான். ஆனால் முதல் தடவை சொல்லும்போது குரல் உடைந்த அந்த இடம் மறுபடி வராது. பணத்தை விட எனக்கு அதுதான் ஆறவில்லை.

தக்கலையில் கோயில் கொடை, சர்ச் திருவிழாவுக்கெல்லாம் மைக் செட் போடும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மைக்கைப் பார்க்கவே இல்லை, ஒயரின் நுனியைத்தான் பார்த்தார். போனில் சொருகும் பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தது. "மக்கா, போனுக்குள்ள மைக் பின்னுன்னா வளையம் மூணு இருக்கணும். ரெண்டு இருந்தா போன் இத வெறும் ஹெட்போன்னுதான் நினைக்கும்." அப்படியானால் என் போன் அத்தனை நேரமும் தன் சொந்த மைக்கில்தான் பதிவு செய்திருக்கிறது. கடையில் கேட்ட கணீர்க் குரலும் அதே மாதிரி கடைக்காரரின் போன் மைக் பதிவு செய்ததுதான்!

மூன்று வளையப் பின்னாக மாற்றும் சரியான கன்வர்ட்டர் போட்டுப் பார்த்தோம். இப்போது மைக்கின் சத்தம் வந்தது, ஆனால் மெலிசாக. கூட்டி வைத்தால் கூடவே 'உஸ்ஸ்' இரைச்சல். அப்புறம் அவருடைய மிக்சரில் எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று முள் ஒயரில் மாட்டி, அந்த ஒயர் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் பொத்தானை அமுக்கினார். அப்போதுதான் மைக் பேசியது, சுமாராக. இந்த வகை மைக்குக்கு அந்த மின்சாரம் வேண்டும். போனின் ஜாக்கில் வருவது இரண்டு மூன்று வோல்ட்தான். மைக்கின் அடி வளையத்தைத் திருகி உறையைக் கழற்றியும் காட்டினார். அவ்வளவு பெரிய வலைக்குள்ளே இருந்த கேப்சூல், அதாவது சத்தத்தைப் பிடிக்கும் பகுதி, சட்டைப் பட்டன் அளவுதான்.

கடைக்குத் திரும்பப் போனால், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்த துண்டுச் சீட்டை நீட்டுகிறார். அதுவும் பில் இல்லை, எஸ்டிமேட். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததும் தவறு. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். தீரவில்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. கடைக்காரர் போனில் கேட்காதீர்கள், உங்கள் போனில் மாட்டச் சொல்லுங்கள். பதிவு ஓடும்போது மைக்கின் வலையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள், பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். ஹெட்போனில் கேட்டால் எந்த மைக் பதிவு செய்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். சுரண்ட வேண்டாம் என்று தடுத்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். 'டைப்-சி கன்வர்ட்டர் போட்டால் போதும்' என்பதையும் நம்ப வேண்டாம். சில கன்வர்ட்டர்கள் சில போன்களில் வேலையே செய்யாது. அட்டைப்பெட்டியில் 192 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் தடவை சத்தத்தை அளந்து பதிகிறது என்ற கணக்கு) என்று போட்டிருப்பதற்கும் கூடுதல் காசு வேண்டாம், பேச்சுக்கு 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம்.

பேட்டி எடுக்க ஒயர் உள்ள காலர் மைக் போதும். போயா பி.ஒய்.-எம்1 மாதிரி 6 மீட்டர் ஒயரோடு, போன், கேமரா என்று மாற்றும் சுவிட்சோடு வருவதில் நல்ல சத்தம் கிடைக்கிறது. அது எல்லாப் பக்கச் சத்தத்தையும் எடுக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். அதிலும் போலிகள் நிறைய, பில்லோடு வாங்குங்கள். வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்கள், அதுவும் ஷீட் கூரையில் மழை அடிக்கும் குலசேகரம், திருவட்டாறு பக்கத்துக்காரர்கள், பக்கத்துக் குரலை எடுத்து, தள்ளி வரும் சத்தத்தைக் குறைவாக எடுக்கும் டைனமிக் வகை மைக்கில் யு.எஸ்.பி. உள்ளதாகப் பார்த்து ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பேசுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வெளியில் எடுப்பதென்றால் சாதாரணப் பஞ்சு உறை அந்தக் காற்றுக்குத் தாங்காது, ரோம உறை வேண்டும்.

ஏற்கெனவே இந்தச் செட்டை வாங்கி ஏமாந்தவர்கள் மைக்கைத் தூக்கிப்போட வேண்டாம். 48 வோல்ட் தருகிற மிக்சரோ, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியோ கிடைத்தால் ஓரளவு பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு முன்னால் 1915-ல் புகார் கொடுத்துவிடுங்கள். துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ஜிபே விவரம், அட்டைப்பெட்டியின் படம் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.