வயல் நீர்க் குழாய்: குறுவைக்கு நாலு நட்சத்திரம், சம்பாவுக்கு ஒன்றுமில்லை

தஞ்சை மாவட்டப் பாபநாசம் பக்கம் போர்வெல் வைத்து நெல் போடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். வயலில் தண்ணீர் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கும் குழாய் இது. பொருள் எளியதுதான்: ஓர் அடி நீளம், ஆறு அங்குல அகலம், சுற்றிலும் துளை போட்ட பிவிசி குழாய். கடையில் வாங்கியது ஒன்று, போர் இறக்கியபோது மிஞ்சிய கேசிங் குழாய்த் துண்டில் டிரில் போட்டது ஒன்று, இரண்டையும் நட்டேன். வேலையில் வித்தியாசமில்லை, விலையில்தான்.

பாதி மண்ணுக்குள், பாதி வெளியே இருக்கும்படி வரப்போரம் அடித்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். மேலே தண்ணீர் வற்றினாலும் குழாய்க்குள் தெரியும். தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். இப்படிக் காயவிட்டுப் பாய்ச்சும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ நம் ஆட்களுக்குப் புதிதல்ல. ஆனால் எவ்வளவு காயவிடலாம் என்ற பயத்தில் தினமும் மோட்டாரைப் போடுவோம். அந்தப் பயத்தைக் குழாய் தீர்த்துவிட்டது. பக்கத்து வயல் தம்பி, “என்னண்ணே, வயலுக்கு தெர்மாமீட்டரா?” என்றான். இப்போது அவன் வயலிலும் ஒன்று நிற்கிறது.

லாபம் எங்கே என்றால், கரண்ட் பில்லில் இல்லை. நமக்குத்தான் இலவச மின்சாரம் ஆயிற்றே. டீசல் என்ஜின்காரருக்கு நேரடி மிச்சம். எனக்கு மோட்டார் ஓட்டும் மும்முனை கரண்ட் வரும் நேரத்தில் வாழைக்கும் தண்ணீர் எட்டியது. தரை இறுகியதால் அறுவடைக்கு, சேற்றில் இறங்கும் பெல்ட் மெஷின் தேடாமல் டயர் மெஷினே இறங்கியது. மணி வாடகை குறைவு.

தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள்தான் பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. நடுநடுவே காயவிட்டால் அது ஏறக்குறைய பாதி வரை குறையும் என்பது அளந்து பார்த்த விஷயம். ஆனால் காய்ந்து நனையும் மண்ணில் யூரியாவைக் கொட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு கிளம்பும். அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு சூடேற்றும். அதனால் இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையையும் சேர்த்து வாங்குங்கள். இலை வெளுத்தால் மட்டும் யூரியா. எனக்கு உர மூட்டையில் மிச்சம் கண்டது அதனால்தான்.

குறைகளும் உண்டு. காயவிட்டால் கோரை தலைதூக்கும், எலியும் வரும். நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீரைக் கட்டியே வையுங்கள். பூக்கும் சமயத்திலும் காயவிடக் கூடாது, பதராகிவிடும். களிமண் வெடிக்கும்வரை விட்டால் பாய்ச்சும் தண்ணீரெல்லாம் வெடிப்பில் போய்விடும்.

சம்பாவுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலை யார் காயவைப்பது? வாய்க்கால் பாசனத்திலும் கஷ்டம்தான். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, மட்டம் இறங்கட்டும் என்று எவர் காத்திருப்பார்? வந்தபோது பிடித்து வைப்போம்.

இப்படி மீத்தேனைக் குறைத்ததற்குக் கார்பன் காசு தருகிறோம் என்று கையெழுத்து வாங்க வருகிறவர்கள் உண்டு. காசு கைக்கு வரட்டும், அதற்குத் தனியாக மதிப்பெண் போடுகிறேன்.