ஆர்டிஎக்ஸ் 3050-ஆ, 4050-ஆ?

கையில் இருக்கும் காசுக்குள் கேமிங் லேப்டாப் தேடினால் கடைசியில் என்விடியாவின் இந்த இரண்டு கிராஃபிக்ஸ் சிப்களில்தான் வந்து நிற்போம். 3050 விலை குறைவு; வேலரன்ட், ஜிடிஏ 5 போதும் என்பவர்களுக்கு அதுவே தாராளம். ஆனால் பல மாடல்களில் வீடியோ மெமரி 4 ஜிபிதான். சைபர்பங்க் 2077 போன்ற கேமில் டெக்ஸ்சரை (காட்சிப் பரப்புகளின் நுணுக்கத்தை) கூட்டினால் திணறும். 4050-இல் 6 ஜிபி, கூடவே டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷன், அதாவது ஏஐ மூலம் இடையிடையே கூடுதல் ஃப்ரேம்களை உருவாக்கி கேமைச் சீராகக் காட்டும் வசதி. 3050-இல் அது கிடையாது.

ரேம், எஸ்எஸ்டியைப் பல லேப்டாப்களில் அப்புறம் கூட்டிக்கொள்ளலாம், கிராஃபிக்ஸ் சிப்பை மாற்ற முடியாது. அதனால் 8 ஜிபி ரேமோடு வந்தாலும் சரி, என் ஓட்டு 4050-க்கே. ஆனால் சிப்புக்கு எவ்வளவு வாட் மின்சாரம் கொடுக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள்; வாட் ரொம்பக் குறைந்தால் வேகமும் குறையும். அதே 4050 பெயரில் 35 வாட்டும் உண்டு, 115 வாட்டும் உண்டு. விளம்பரத்தில் இதைப் பெரிதாகப் போட மாட்டார்கள்!